சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிற இடம்

போன பொங்கலுக்கு எங்கள் கல்யாணக் கேசட்டைத் திண்டிவனம் கொண்டுபோய், பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். எல்லாரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். நான் குச்சி மாதிரி இருக்கிறேன் என்று சிரித்தீர்கள். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பதைக் கிண்டல் செய்தீர்கள். தாலி கட்டி முடிந்து சொந்தக்காரர்கள் நிற்கிற இடம் வந்ததும், அம்மா ரிமோட்டை வாங்கி சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். கொஞ்ச நேரம் படம் ஊமையாக ஓடியது. பிறகு அவளே சத்தம் வைத்தாள்.

ஏன் என்று கேட்டீர்கள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் செய்தித்தாளைத் தேடுகிற மாதிரி எழுந்துவிட்டேன்.

அந்த இடத்தில் இரைச்சல் இல்லை. என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காலத்தில் படம் எடுப்பது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். இப்போது நீங்கள் சாப்பிடும்போது எடுக்கிறீர்கள், தூங்கும்போது எடுக்கிறீர்கள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறீர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. படம் எடுக்க வேண்டும் என்றால் குளித்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும்.

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மாடியில் ஸ்டுடியோ இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை நேராகத் தெரியும். ஆனால் அதைப் பின்னால் வைத்து ஒருத்தரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் பார்க்கிற மலையை எதற்கு எடுப்பது? எல்லாருக்கும் துணியில் வரைந்த ஏரிதான் வேண்டும். அதில் இரண்டு அன்னப்பட்சி, கரையில் படிக்கட்டு. ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதையே மாட்டிக்கொள்வார்கள். ஒல்லியான ஆளாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

போட்டோக்காரர் உடனே எடுத்துவிட மாட்டார். உட்கார வைத்து, தூரப் போய்ப் பார்ப்பார். மறுபடியும் கிட்டே வருவார். தாடையைத் தொட்டு நிமிர்த்துவார், முன்னால் விழுந்த முடியை ஒதுக்குவார், காலரை இழுத்துச் சரி பண்ணுவார். எந்தச் சாதி, எந்த ஊர், என்ன தொழில் என்றெல்லாம் பார்க்காமல் எல்லாருடைய காலரையும் தொட்டுச் சரி பண்ணுவார். பிறகு மூச்சை அடக்கச் சொல்லுவார். நாம் எதைக் கொடுக்கிறோமோ அதை மட்டும்தான் அந்தக் கேமரா எடுத்துக்கொள்ளும். போட்டோ என்றால் அதுதான் என்று நினைத்து வளர்ந்தோம்.

என் அப்பாவை நான் நைனா என்பேன், நீங்கள் செஞ்சி தாத்தா என்று கூப்பிடுவீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்குத் தையல் கடை இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கூலுக்குப் போகிற வழியில் எந்தப் பிள்ளையாவது சட்டை கிழிந்து நின்றால் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே தைத்து அனுப்புவார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கண் எப்போதும் துணி மேலேயே இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளைப் பார்த்தால் முதலில் தோள் தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், முகத்தைப் பிறகு பார்ப்பார். ஸ்டுடியோக் கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்த ஒரு படம் கடையில் மாட்டியிருந்தார். நாம் போன பிறகும் படம் இருக்கும், அதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பார்.

எண்பதுகளின் பிற்பாதியில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். அதனால் பந்தல், சமையல், மேளம் எல்லாம் நைனா பொறுப்பு. எங்கள் தெருவில் அதுவரைக்கும் யார் கல்யாணத்துக்கும் வீடியோ எடுத்ததில்லை. நாம் எடுக்கலாம் என்று நைனா முடிவு செய்தார். வீடியோ எடுக்கும்போது போட்டோ எதற்கு என்று, மாலையோடு எங்கள் இரண்டு பேரை மட்டும் போட்டோ எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். குடும்பத்தோடு நிற்கிற போட்டோ ஒன்றுகூட எங்கள் கல்யாணத்தில் இல்லாமல் போனது அதனால்தான்.

பொண்ணு வீடு தொண்டூர். உங்கள் தொண்டூர் தாத்தாவை உங்களில் பெரியவனுக்கு மட்டும் லேசாக ஞாபகம் இருக்கலாம். மல்லாட்டைக் கடலை போடுகிற புன்செய்க் கொல்லை கொஞ்சம், ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே தாயார் தவறிவிட்டதால் அவரே சமைத்து, அவரே தலை பின்னி வளர்த்தார். அதுவரைக்கும் அவர் சட்டை போட்டதில்லை. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அவரை யாரும் ஒரு படம்கூட எடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால், சமணப் படுக்கை இருக்கிற பாறையில் உட்கார்ந்துகொண்டு, தன்னை வீடியோ எடுக்கப் போகிறார்கள் என்று மாடு மேய்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு தனியாகச் செஞ்சிக்கு வந்து, ரெடிமேட் கடையில் ஒரு டெரிகாட்டன் சட்டை வாங்கியிருக்கிறார். சம்பந்தி டைலர்தான். அவரிடம் தைக்கச் சொன்னால் தொந்தரவு என்று நினைத்திருக்கிறார்.

கல்யாணத்தன்று வீடியோக்காரர் தோளில் ஒரு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார். இன்னொருத்தர் பின்னாலேயே லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலை முகூர்த்தத்துக்கு உச்சி வெயில் மாதிரி அடித்தது. உங்கள் அம்மா கண்ணைக் கசக்கியது அழுகையால் இல்லை, அந்த லைட்டால்தான்.

வேடிக்கை என்னவென்றால், கேமரா தங்கள் பக்கம் திரும்பியதும் எல்லாரும் அசையாமல் நின்றுவிடுவார்கள். போட்டோ பழக்கம். வீடியோக்காரர், அசையுங்க, ஏதாவது பேசுங்க என்று கெஞ்சுவார். ஒருத்தரும் அசைய மாட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, கேமரா நகர்ந்த பிறகுதான் விடுவார்கள். எங்கள் கேசட்டில் பாதிப் பேர் சிலை மாதிரி நிற்பது அதனால்தான்.

அந்தப் பெட்டிக்குக் கண் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. காது இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டேப் ரிக்கார்டர் பார்த்திருக்கிறோம். அதில் பட்டனை அழுத்தி, கிட்டே போய்ப் பேச வேண்டும். படம் எடுக்கிற பெட்டி, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீடியோக்காரரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று அவர் நினைத்திருப்பார்.

நான் மணவறையில் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தொண்டூர் தாத்தா பந்தல் கால் பக்கத்தில் கையைக் கூப்பியபடியே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை. நைனா வீடியோக்காரர் பக்கத்திலேயே நின்று, இவரை எடு, அவரை எடு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கேசட்டு உடனே வரவில்லை. அதற்குள் ஆடி வந்துவிட்டது. வழக்கப்படி தொண்டூர் தாத்தா வந்து பொண்ணை அழைத்துக்கொண்டு போனார். ஆவணி பிறந்து அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற நாளுக்குக் கேசட்டு வந்து சேர்ந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்தே பார்க்கட்டும் என்று நைனா அன்றைக்கு ஒரு கலர் டி.வி.யும் கேசட்டு போடுகிற டெக்கும் வாடகைக்குச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் டெக் கிடையாது. அதனால் அதற்கு முன்னால் யாரும் கேசட்டைப் பார்க்கவில்லை. நைனாவும் பார்க்கவில்லை.

சாயந்திரம் ஆனால் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் மத்தியானமே போட்டோம். கடையிலிருந்து லைனிங் துணியைக் கொண்டுவந்து ஜன்னலை மூடினார் நைனா. டெக்காரர் ஒரு ஸ்டெபிலைசரோடு வந்து ஒயர்களை மாட்டினார்.

தொண்டூரிலிருந்து தாத்தா மட்டும் வரவில்லை. அவருடைய அண்ணனும், ஊர்க்காரர்கள் சிலரும் கூட வந்தார்கள். மல்லாட்டை ஒரு மூட்டை, பூசணிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் அந்த டெரிகாட்டன் சட்டையைத்தான் போட்டிருந்தார். காலர் காது வரைக்கும் விறைப்பாக நின்றது.

புதுச் சட்டை காலருக்குள் ஒரு அட்டை வைத்து விற்பார்கள். கடையில் மடிப்பு கெடாமல் இருக்க வைப்பது அது. போட்டுக்கொள்ளும்போது எடுத்துவிட வேண்டும். அவருக்கு அது தெரியாது. சட்டை என்றால் இப்படித்தான் கழுத்தை முட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்துவிட்டார். துவைக்கும்போது அட்டையை எடுத்து வைத்து, காய்ந்த பிறகு பத்திரமாகத் திரும்பச் சொருகியிருக்கிறார். இதைப் பிற்பாடு உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாற்காலி போட்டும் அவர் அதில் உட்காரவில்லை. டி.வி.க்குக் கிட்டே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உங்கள் அம்மா கதவோரம் நின்றாள். நைனா பின்னால் நாற்காலியில், பக்கத்தில் என் சித்தப்பா. மற்ற இடமெல்லாம் தெருக்காரர்கள்.

படம் ஓடியது. முதல் பாதிக்கு வீடியோக்காரர் சினிமாப் பாட்டு சேர்த்திருந்தார். அதனால் ஆட்கள் வாய் அசைத்தாலும் பேச்சு கேட்கவில்லை. பந்தக்கால், மேளம், பொண்ணு அழைப்பு. ஒவ்வொரு முகமும் வரும்போது தெருவே பேர் சொல்லிக் கூவியது. தொண்டூர் தாத்தா கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தார். என் முட்டியைத் தொட்டுக் கேட்டார்.

"நான் எப்ப வருவேன் மாப்ள?"

"வருவீங்க மாமா. தாலி கட்னப்புறம்."

அவருடைய அண்ணன் அவரைச் சீண்டினார். நீ எங்க வரப் போற, பந்தல் காலுக்குப் பின்னாடி இல்ல நின்ன, காலுதான் வரும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

படத்தில் நான் தாலி கட்டினேன். பாட்டு அதோடு நின்றுபோனது. வீடியோக்காரர் அதுவரைக்கும்தான் பாட்டு சேர்த்திருக்கிறார். திடீரென்று மேளச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம் எல்லாம் நிஜமாகவே கேட்டது. அட, பேசக்கூடச் செய்யுது என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அப்போது ஆச்சரியமாகத்தான் இருந்தது. பயம் வரவில்லை.

கேமரா எங்கள் பக்கத்துப் பெண்களைக் காட்டிவிட்டு மெதுவாகப் பொண்ணு வீட்டுப் பக்கம் போயிற்று. பந்தல் கால் வந்தது. அதை ஒட்டி அவர் நின்றுகொண்டிருந்தார். கும்பிட்ட கை, அடக்கிய மூச்சு, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத உதடு. காலர் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஸ்டுடியோக்காரர் கையால் தூக்கி நிறுத்துகிற மாதிரியே தூக்கியிருந்தது.

"வந்துட்டேன்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார் அவர்.

அப்போது டி.வி.யிலிருந்து நைனா குரல் கேட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பேசியதால் மேளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"ஏம்பா, அங்க எதுக்குக் காட்ற, இந்தப் பக்கம் திருப்பு. காலர்ல அட்டையக்கூட எடுக்காத வந்து நிக்கிறான் மனுஷன். ஏர் ஓட்றவனுக்கு எதுக்கு டெரிகாட்டன்? நாளைக்கு நம்ம ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க."

கேமரா சட்டென்று திரும்பிவிட்டது. ஃபேனும் கலர் காகிதத் தோரணமும் வந்தன. பிறகு என் சித்தப்பா முகம். அவர் வாயைத் திறந்து சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. டி.வி.யில் சிரித்துக்கொண்டிருக்கிற அதே சித்தப்பா இங்கே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி நைனாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. உங்கள் அம்மா பக்கமும் பார்க்க முடியவில்லை. பார்க்கிறதற்கு எனக்கு டி.வி. ஒன்றுதான் இருந்தது. அதில் ஆட்கள் வரிசையாகப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தொண்டூர் தாத்தாவின் கை மெதுவாகக் கழுத்துக்குப் போயிற்று. காலருக்குள் விரலை விட்டு அந்த அட்டையை உருவினார். வளைந்துபோய், வியர்வையில் பழுப்பு ஏறியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலர் மடங்கிக் கீழே விழுந்தது. அப்போதுதான் அவருக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

பிறகு டெக்காரரைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தம்பி, நான் வந்த எடத்த இன்னொருக்கா போடு. சத்தத்தக் கொறச்சிட்டு."

டெக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கேசட்டு பின்னால் ஓடியது. சித்தப்பாவின் வாய் மூடியது, தோரணம் திரும்பிப் போயிற்று, அவர் வந்தார். தாத்தா சத்தம் இல்லாமல் தன்னைப் பார்த்தார். முகத்தை டி.வி.க்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பொண்ணைப் பெற்றவர் மகள் கல்யாணக் கேசட்டில் தன்னைத் தேடிப் பார்த்தது அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முழுக் கேசட்டிலும் அவர் வருகிறது அந்த ஒரு இடத்தில்தான்.

நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. நைனா பின்பக்கமாக எழுந்து கடைக்குப் போய்விட்டார். விருந்துக்கும் வரவில்லை. உங்கள் அம்மா தன் அப்பாவுக்கு இலை போட்டாள். அவர் நன்றாகவே சாப்பிட்டார், அதிகமாகப் பேசியதும் அவர்தான். பஸ் ஏறும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"சம்பந்தி வந்தா சொல்லுங்க மாப்ள. படம் நல்லா வந்திருக்குது."

திட்டியிருந்தால் தேவலை. சண்டை போட்டிருந்தால் நாங்களும் ஏதாவது பேசியிருப்போம். பஸ் போன பிறகு அந்த இடத்திலேயே நின்றேன். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் யாராவது கேசட்டு பார்த்தாயா என்று கேட்டுவிடுவார்களோ என்று உடம்பு கூசியது. கேட்காமலும் இல்லை. தெருக்காரர்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டவர்கள்தானே. கொஞ்ச நாள் வரைக்கும் எங்கள் கடைக்குச் சட்டை தைக்க வந்தவர்கள், காலருக்கு அட்டை வைப்பீர்களா என்று கேட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். நைனா மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பார். நிமிர மாட்டார்.

கேசட்டில் அந்தத் துண்டை மட்டும் அழித்துவிடலாம் என்று நான் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். வீடியோக்காரரிடம் கொடுத்தால் அதன் மேல் ஒரு பாட்டை ஏற்றிவிடுவார், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டிவிடுவார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத வெட்டினா எங்க அப்பா மூஞ்சும் போயிடும். பாட்டு ஏத்தற வேலையெல்லாம் வேணாம். அந்த ஆளு கையில குடுத்தா எதையாவது அழிச்சிடுவாரு. எனக்கு வேணும்ன்றப்ப நான் சத்தத்தக் கொறச்சிக்கறேன்."

அன்றையிலிருந்து அவள்தான் குறைக்கிறாள். திருகுகிற டி.வி. போய், ரிமோட் டி.வி. வந்து, கேசட்டு போய் இந்தப் பென்டிரைவு வந்துவிட்டது. எதில் போட்டாலும் அவர் முகமும் அந்தப் பேச்சும் ஒன்றாகத்தான் வருகின்றன.

ஐப்பசியில் ஒரு நாள் கடையில் நைனா ஒரு வெள்ளைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். பருத்தி. யாருக்கு என்று சொல்லவில்லை. பக்கத்தில் அளவு எழுதின சீட்டும் இல்லை. தோள் அகலத்தை மனசிலிருந்தே எடுத்து வெட்டினார். அவர் மனசில் யார் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காலர் மட்டும் தைத்துப் பிரித்து, மறுபடி தைத்தார். இஸ்திரி போட்டு, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். தொண்டூர் போகும்போது எடுத்துக்கொண்டு போ என்றார். வேறு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கோழைகள்தான்.

நானும் உங்கள் அம்மாவும் தொண்டூர் போனபோது கொடுத்தேன். தாத்தா பேப்பரைக் கிழிக்காமல் பிரித்தார். சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலரைக் கட்டை விரலால் உள்பக்கமெல்லாம் நீவினார்.

"இதுல எடுக்க வேண்டியது ஏதாவது இருக்குதா மாப்ள?"

நான் இல்லை என்றேன். உங்கள் அம்மா, சும்மா இருப்பா என்று தன் அப்பாவை அதட்டினாள். அவர் சிரித்தார். அது கேலியா, நிஜமாகவே கேட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. எப்படியானாலும் அந்த நிமிஷம் கொல்லையில் எங்கேயாவது போய் நிற்கலாம் போலிருந்தது.

பெரியவனுக்குக் காது குத்தினது அதற்குப் பிறகு. எண்பதுகள் முடிகிற சமயம். வீடியோ அப்போது ஊரெல்லாம் வந்துவிட்டது. லைட்டும் சின்னதாகிவிட்டது. ஆட்களும் பழகிவிட்டார்கள், யாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை. கேமராவைப் பார்த்துக் கையாட்டினார்கள், பல்லைக் காட்டினார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து நைனா மட்டும் வாயைத் திறக்கவில்லை. எது வேண்டுமானாலும் கையாலேயே காட்டினார். கேமரா பக்கத்தில் போக வேண்டி வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

தொண்டூர் தாத்தா அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் தையல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் அவள் பெரியப்பா மகன்தான் மாமன். அவனுக்குப் பக்கத்தில் தாத்தா நிற்க வேண்டும். வீடியோக்காரர் கூப்பிட்டார். தாத்தா வந்து நின்றார். கேமரா அவர் பக்கம் வந்ததும் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி நகர்ந்துவிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். மறுபடியும் நகர்ந்து, சுற்றிக்கொண்டு போய், கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கோபமாக இல்லை. அங்கே நின்றால் நன்றாகத் தெரிகிறது என்றார்.

நைனா மாமன் பக்கத்தில், நன்றாகப் படத்தில் விழுகிற இடத்தில் நின்றிருந்தார். அவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் இறங்கிப் போய் கேமராவுக்குப் பின்னால் தொண்டூர் தாத்தா பக்கத்தில் நின்றார்.

அந்தக் கேசட்டையும் நீங்கள் பென்டிரைவில் ஏற்றியிருக்கிறீர்கள். அதில் ஏன் இரண்டு தாத்தாவும் இல்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. படத்தில்தான் இல்லை. ஆசாரி ஊசியை எடுக்கிற இடத்தில் கொஞ்சம் சத்தம் வைத்துக் கேளுங்கள். கேமராவுக்குக் கிட்டே இரண்டு கிழவர்கள் பேசுகிறது கேட்கும்.

"மல்லாட்ட எப்டிங்க இந்த வருஷம்?" இது நைனா.

"பூச்சி அடிச்சிட்டுதுங்க. மழையும் பத்தல."

"அப்டிங்களா. உக்காருங்க சம்பந்தி, கால் வலிக்கப் போவுது."

"இருக்கட்டுங்க."

பிறகு பெரியவன் அழுகிற அழுகையில் மற்றது கேட்காது.

அந்தப் பெட்டி பேச்சைப் பிடிக்கும் என்று நைனாவுக்கு அன்றைக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தவர்தானே. தெரிந்தும் அதன் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று அவரை வாங்க போங்க என்று பேசியிருக்கிறார். அது எங்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று பேசியதா, மனசாரப் பேசியதா, எனக்குத் தெரியாது. நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அவரிடம் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கும் இருந்தது, அப்படியே வருஷங்கள் போய்விட்டன. இப்போது இரண்டு பேருமே இல்லை. நைனா தைத்ததிலேயே நல்ல சட்டை அந்த வெள்ளைச் சட்டைதான். அது எந்தப் படத்திலும் இல்லை.

செஞ்சி தாத்தா மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் இதைப் படித்துக் குறையக் கூடாது. குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். ஆனால் தொண்டூர் தாத்தாவைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போவதும் நியாயம் இல்லை. அவரைக் காட்ட என்னிடம் வேறு படம் கிடையாது.

நீங்கள் போனைத் தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கிட்டே போய், யாராவது காலர் மடங்காமல் நிற்கிறார்களா என்று பார்த்துச் சரி பண்ணிவிட்டு வாருங்கள். அந்த ஸ்டுடியோக்காரர் அதைச் செய்தார். எங்கள் கல்யாணத்தில் அதைச் செய்ய ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, தையல்காரர் பிள்ளைதான் நானும்.

அடுத்த தடவை அந்தக் கேசட்டைப் போடும்போது, அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே ரிமோட்டை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அவள் எழுந்து வந்து வாங்க வேண்டாம்.